செசிலியாவின் சுண்ணாம்புக் கோடு

செசிலியா இறந்துவிட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது நான் ஒரு வரைபடத்தின் மேல் குனிந்திருந்தேன். காலைப் பூசைக்குப் போய்த் திரும்பியவர், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டாராம். சேலத்தில் ஒரே அலுவலகத்தில் பதினாறு வருடம் அடுத்தடுத்த மேசையில் இருந்தோம். அவர் திட்ட அமைப்பாளர், நான் கட்டடப் பொறியாளர். பாதி நாள் சண்டைதான். அவரைத் தெரிந்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

சிறிது நேரத்தில் பழனியப்பன் அழைத்தார். திருச்செங்கோட்டுப் பக்கம் நாங்கள் வேலை செய்த ஏரியை ஒட்டித் தோட்டம் வைத்து, மேச்சேரி ஆடு வளர்ப்பவர். “ஏனுங்க, மேடம் போனை எடுக்க மாட்டேங்கறாங்களே, வெளியூரு போயிட்டாங்களாங்க?” என்றார். சொன்னேன். “அட சாமி, போன வாரங்கூட ஆடு எத்தனை குட்டி போட்டுச்சுன்னு கேட்டாங்களேங்க” என்றார்.

அந்த ஏரிக்குக் குளிர்காலத்தில் பறவைகள் வரும். அவற்றைப் பார்க்க ஆட்களும் வரத் தொடங்கியதால் வாகன நிறுத்தம், கழிப்பறை, நிழற்கூடம், பார்வை மேடை எல்லாம் திட்டமிடும் வேலை எங்களிடம் வந்தது. செசிலியா முதலில் வரைந்தது கழிப்பறையை. “பஸ்ஸ விட்டு எறங்குனதும் யாரும் பறவையத் தேட மாட்டாங்க சார்” என்பார். பெண்களுக்கு இரண்டு மடங்கு வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி, வாங்கியும் விட்டார்.

வாகன நிறுத்தத்தை நான் கரையோரத்து வேலமரங்களுக்கு அடியில் வைத்தேன். நிழல் இருந்தது, இடம் காலியாக இருந்தது. பதினோரு மணிக்குப் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுகிற ஆளுக்கு எந்த இடமும் காலியாகத்தான் தெரியும். செசிலியா அதைத் தார்ச்சாலை ஓரத்துக்கு மாற்றலாம், அங்கிருந்து எல்லோரும் நடக்கட்டும் என்றார். அரை கிலோமீட்டர் எவன் நடப்பான் என்று நான் குதித்தேன்.

அஸ்திவாரம் தோண்டும் அன்று எல்லோரும்தான் சுண்ணாம்புக் கோடு போடுவோம். செசிலியா திட்டம் முடிவாகும் முன்பே, வரையப்போகும் கட்டடத்தின் முழு அளவுக்கு மண்ணில் கோடு போட்டுவிட்டு ஒரு வாரம் தொட மாட்டார். அடியில் ஆணியால் துளை போட்ட பால்பவுடர் டப்பா ஒன்று அதற்கென்றே பையில் இருக்கும். “யாரு மிதிக்கிறாங்கன்னு பாப்போம் சார். அவசரம் நமக்குத்தான், எடத்துக்கு இல்ல” என்பார். என் வாகன நிறுத்தத்துக்கும் வேலமரத்தடியில் அப்படித்தான் போட்டார்.

அந்த வாரம் நான் செய்தது இன்றும் உறுத்துகிறது. செசிலியாவால் வேலை தாமதமாகிறது, வேறு ஆளைப் போடலாம் என்று மேலாளருக்கு எழுதிக் கொடுத்தேன்.

ஏழாம் நாள் விடியலில் செசிலியா என்னை ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனார். மேற்குப் பக்கத்தில் கோடே காணோம். அக்கம்பக்கத்து ஆடுகளெல்லாம் காலையும் மாலையும் தண்ணீருக்கு இறங்கும் வழி அது. மரத்தடியில் எது சுண்ணாம்பு, எது நாரை எச்சம் என்று தெரியவில்லை. மேலே கிளை கொள்ளாமல் பறவைகள். “ஏனுங்க சார், இதுக்குள்ள காரு நின்னா ஆடு எந்தப் பக்கமுங்க எறங்கும்?” என்று பழனியப்பன் கேட்டார். என் சட்டைத் தோளிலும் ஒரு நாரை தன் கருத்தைத் தெரிவித்திருந்தது. செசிலியா கைக்குட்டையை நீட்டினார். சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை, சிரிக்கவில்லை.

நிறுத்தம் சாலையோரம் போயிற்று. மக்கள் முணுமுணுத்துக்கொண்டே நடக்கிறார்கள். மேலாளர் என் கடிதத்தை அன்றே செசிலியாவிடம் காட்டியிருந்தார் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். பக்கத்து மேசைதானே.

அடக்கம் முடிந்த மறுவாரம், ஏரிக்கரையில் மேடம் பெயரில் ஒரு கல் இருக்கை போட வேண்டும் என்று பழனியப்பனும் ஊர்க்காரர்களும் வந்து கேட்டார்கள். செசிலியாவின் மகளிடமிருந்து அந்த டப்பாவை வாங்கிக்கொண்டு போனேன். நிழலும் தண்ணீரும் சேர்ந்து தெரிகிற நல்ல இடமாகப் பார்த்து, ஆறடிக்கு இரண்டடி கோடு போட்டுவிட்டு ஒரு வாரம் காத்திருந்தேன். இந்த முறை நானாகவே விடியலில் போனேன். கோடெல்லாம் ஆட்டுக் குளம்படி.

“பரவால்லீங்க சார், நான் ஆட்டைச் சுத்தி ஓட்டிக்கறேனுங்க. மேடத்துக்குத்தானுங்களே” என்றார் பழனியப்பன்.

“மேடம் ஒத்துக்க மாட்டாங்க” என்று சொல்லி, மிச்சமிருந்த கோட்டைச் செருப்புக்காலால் அழித்தேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

டப்பாவை நானே வைத்துக்கொண்டேன். அந்த ஒரு வாரப் பொறுமையையும், இந்த வயதில், வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். இருக்கையைச் சாலையோரத்தில், பெண்கள் கழிப்பறைக்கு எதிரே போடலாம் என்று எண்ணம். அங்கிருந்து ஏரி தெரியாது, ஆனால் வரிசையில் நிற்பவர்கள் உட்காரலாம். அங்கும் கோடு போட்டிருக்கிறேன், செசிலியா. இன்னும் ஒரு வாரம் ஆகவில்லை.