ஏலக்காரரின் காது

என் கணவருக்குக் காது மந்தமாகிவிட்டது என்பது அவரைத் தவிர எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டு டிவியில் செய்தி ஓடினால் எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் டிவியை அணைத்துவிட்டு அதையே கேட்கலாம். சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டார். "நீங்க எல்லாரும் வாய்க்குள்ளயே பேசுறீக" என்பார். நான் பள்ளிக்கூட ஆசிரியை. கடைசி பெஞ்சில் தூங்குகிறவனையும் இருந்த இடத்திலிருந்தே எழுப்பிவிடுகிற குரல் எனக்கு. என்னையே வாய்க்குள் பேசுகிறவள் என்று சொன்னால் கோபம் வருமா, வராதா?

அவருக்குப் பரவை மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் கடை. விடியும் முன்பே விளாங்குடியிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பிவிடுவார். சுற்று ஊர்களிலிருந்து விவசாயிகள் கொண்டுவந்து இறக்கும் மூடைகளை ஏலம் கூறி விற்றுக் கொடுப்பது அவர் வேலை. சரக்கு அவருடையது அல்ல, குரல் மட்டும்தான் அவருடையது. வியாபாரிகள் முன்னால் வளையமாக நின்று விலை கேட்பார்கள். சரக்குக்காரர் அவருக்குப் பின்னால், தன் மூடைகளை ஒட்டி நிற்பார். விலை கட்டவில்லை, அதாவது கட்டுப்படியாகவில்லை என்றால், சரக்குக்காரர் 'வேணாம்' என்று தடுக்கலாம். ஆனால் ஏலக்காரர் மூணு தரம் சொல்லி முடிப்பதற்குள் அதைச் சொல்லிவிட வேண்டும். மூணாம் தரம் வாயிலிருந்து விழுந்துவிட்டால் விற்றது விற்றதுதான். அந்த மார்க்கெட்டில் இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, யாரும் மீறியதும் இல்லை.

ஒருநாள் அவர் மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். என்னவென்று கேட்டுக் கேட்டு நான் ஓய்ந்த பிறகு சொன்னார். சோழவந்தான் பக்கத்திலிருந்து வருஷக்கணக்காக அவர் கடைக்கே கத்தரிக்காய் கொண்டுவரும் ஓர் அம்மா, அன்று எதிர்க்கடையில் போய்ச் சரக்கை இறக்கியிருக்கிறார். ஏன் என்று எதிர்க்கடைக்காரரிடமே விசாரித்திருக்கிறார் இவர். போன வாரம் இவர் ஏலம் கூறும்போது அந்த அம்மா பின்னாலிருந்து வேண்டாம், வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். இவர் பாட்டுக்கு மூணு தரம் சொல்லி முடித்துவிட்டார். அந்த அம்மா சண்டை போடவில்லை. கடையை மட்டும் மாற்றிக்கொண்டார்.

"வாங்குறவன் கத்துவான், அவன் சத்தம் எனக்குக் கேக்குது. விக்கிறவுக சத்தமே போட மாட்டாக. அவுகளுக்காகத்தான் நான் அங்க நிக்கிறதே. அவுகளக் கேக்காத காத வச்சுக்கிட்டு நான் என்னத்துக்கு ஏலம் கூறணும்?" என்றார்.

தை பிறந்ததும் கடையைத் தம்பி கையில் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னார். அவர் வாலிபத்திலிருந்து கூறிவருகிற ஏலம் அது. காய்ச்சல் வந்தால்கூடக் கஷாயத்தைக் குடித்துவிட்டுப் போய்க் கூறிவிட்டு வருவார். அது இல்லாமல் இந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வார்? அடுத்த நாளே பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஊருக்குள் இருக்கும் காது மிஷின் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

கடையில் இருந்த பெண் பொறுமைசாலி. இரண்டு காதுக்கும் பின்னால் ஒளிந்துகொள்கிற மாதிரி, மொச்சைக்கொட்டை அளவில் இரண்டு மிஷின்களை மாட்டிவிட்டு, அவற்றைப் புளூடூத்தில் அவருடைய போனோடு சேர்த்துவிட்டார். போன் வந்தால் பேச்சு நேரே காதுக்குள் கேட்குமாம். கம்பி கிடையாது. ஒருமுறை பழக்கம் செய்து வைத்துவிட்டால் போதும், பிறகு பக்கத்தில் வரும்போதெல்லாம் போனும் மிஷினும் தாமாகவே ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துகொள்ளும். இடையில் சுவர் வந்தாலோ ஆள் வந்தாலோ மட்டும் கொஞ்சம் தடுமாறும் என்றார். கழற்றினால் சார்ஜ் டப்பாவில் வைக்க வேண்டும், அதில் வைத்த உடனே அவை தூங்கிவிடும் என்றும் சொன்னார். பெட்டிக்குள் சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய குட்டி மைக் ஒன்றும் இருந்தது. கூட்டத்தில் யார் பேசுவது கேட்க வேண்டுமோ அவர் சட்டையில் அதைக் குத்திவிட்டால், எவ்வளவு இரைச்சலிலும் அவர் குரல் தனியாகக் காதுக்கு வந்துவிடுமாம். இவர் அதைப் பார்த்த பார்வையிலேயே அது பீரோவுக்குத்தான் போகும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஒரே கூத்து. எங்கள் தெருவில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும். போனில் புளூடூத்தைத் திறந்தால் பக்கத்து வீட்டு டிவி, மாடி வீட்டுப் பையனின் ஹெட்போன், யாருடைய காரோ, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. இத்தனை நாள் சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இத்தனை சாமான்கள் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கின்றன, நமக்குத்தான் தெரியவில்லை. வாட்ஸப்பில் காலை வணக்கம் வரும்போதெல்லாம் அவர் காதுக்குள் மணி அடித்தது, அவர் துள்ளி விழுந்தார். மூன்றாம் நாள் நான் அடுப்படியில் இருந்துகொண்டு வாய்க்குள்ளேயே அவரைத் திட்டிக்கொண்டிருந்தபோது, கூடத்திலிருந்து "கேக்குது" என்றார். அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் கூடக் கொஞ்சம் திட்டினேன்.

ஆனால் மார்க்கெட்டில் எப்படி என்று கேட்டால் மட்டும் பட்டும் படாமலும் பதில் சொன்னார். ஒரு காலையில், வழக்கமாக அது இருக்கும் பிரிட்ஜ் மேல் பார்த்தேன். சார்ஜ் டப்பாவைக் காணோம். மிஷின் காதில் இருந்தால் டப்பா எதற்கு மார்க்கெட்டுக்குப் போக வேண்டும்? விஷயம் பிடிபட்டுவிட்டது. வீட்டிலிருந்து மாட்டிக்கொண்டு போகிறார், மார்க்கெட் வாசலில் கழற்றி டப்பாவில் போட்டுச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுகிறார். ஏலக்காரருக்குக் காது கேட்காது என்று தெரிந்தால் ஒரு மூடைகூட வராது என்ற பயம். எனக்கு வந்த கோபத்தில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டே போனைப் போட்டேன்.

எடுத்தார். "சொல்லு, கேக்கல" என்றார். சொன்னேன். "கேக்கல, சத்தமாப் பேசு" என்றார். இந்தக் குரலுக்கு அதைவிட நல்ல வாய்ப்பு ஏது?

"காது மிஷின டப்பாக்குள்ள போட்டுச் சட்டைப்பையில வச்சிருக்கீங்கல்ல? சட்டைப்பையா ஏலம் கேக்கப் போகுது? எடுத்து மொதல்ல காதுல மாட்டுங்க" என்றேன். அவர் மறுபடியும் கேக்கல என்றார். நான் மறுபடியும், இன்னும் உரக்கச் சொன்னேன். என் குரலே ஒரு நொடி பிந்தி எனக்குத் திரும்பிக் கேட்டது. சிக்னல் சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். திடீரென்று போன் கட்டாகிவிட்டது.

நடந்தது இதுதான். அவர் கடைத் தூணில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் தொங்கும். தினமும் ஏலம் தொடங்கும் முன் அவர் போனிலிருந்து அதில் ஒரு சாமி பாட்டுப் போடுவது வழக்கம். பாட்டு முடிந்தாலும் ஸ்பீக்கரை யாரும் அணைப்பதில்லை. மிஷின்கள் காதில் இருந்திருந்தால் என் பேச்சு அங்கே போயிருக்கும். அவைதான் டப்பாவுக்குள் தூங்குகின்றனவே. போன் சுற்றிலும் தேடியது, தனக்குப் பழக்கமான ஸ்பீக்கர் விழித்திருந்தது, அதனிடம் என்னைக் கொடுத்துவிட்டது. ஒளித்து வைக்காமல் இருந்திருந்தால் அவர் ரகசியம் அவர் காதோடு போயிருக்கும்.

இதில் கொடுமை என்னவென்றால், மார்க்கெட் முழுக்க நான் முழங்கிக்கொண்டிருந்தது அவருக்கு மட்டும் புரியவில்லை. தூணில் பாட்டுத்தான் ஓடுகிறது என்று நினைத்திருக்கிறார். போனைக் காதில் அழுத்திக்கொண்டு கேக்கல, கேக்கல என்று சொல்லிக்கொண்டே நிற்க, எல்லாரும் தன்னையே பார்ப்பதையும் சிலர் வாயைப் பொத்திக்கொள்வதையும் பார்த்து விழித்திருக்கிறார். கடைசியில் தக்காளி வியாபாரி ஒருவர் வந்து போனை வாங்கி அணைத்துவிட்டு, அவர் காதருகே குனிந்து நான் சொன்னதை முழுசாக ஒப்பித்திருக்கிறார்.

அன்று மத்தியானம் அவர் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பியதும் அவர் தம்பி சொல்லித்தான் எனக்குச் செய்தி தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் முன்னால் போய் நின்று, மன்னிச்சிருங்க என்றேன். எதற்கு, நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே என்றார். நாளைக்குப் போகப் போவதில்லை என்றும் சொன்னார். தை வரைக்கும்கூட இல்லை, இத்தோடு சரி என்றார். என் வாயை நானே மூடிக்கொண்ட நாட்கள் குறைவு, அது ஒன்று.

மறுநாள் விடிந்த பிறகும் அவர் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். போன் வந்தது. மிஷின் காதில் இருந்ததால் அவர் பேசுவது மட்டும்தான் எனக்குக் கேட்டது. ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று சிரித்துவிட்டார். என்ன என்று கேட்டேன். அதே தக்காளி வியாபாரி பேசியதை அப்படியே சொன்னார்.

"அண்ணே, சரக்கு வந்து கெடக்கு, எல்லாரும் நிக்கிறோம், வாங்க. ஸ்பீக்கர்ல மதினி சத்தம் இல்லாம ஏவாரமே ஆரம்பிக்க மாட்டேங்குதுன்னு சொல்றான்" என்றார்.

எழுந்து முகம் கழுவினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, பீரோவில் அந்தப் பொத்தான் மைக் எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். "வாரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மைக்கை அவர் வியாபாரிகளிடம் கொடுக்கவில்லை. யாருடைய சரக்கு ஏலத்துக்கு வருகிறதோ அவர் சட்டையிலோ சேலைத் தலைப்பிலோ அதைக் குத்திவிட ஆரம்பித்தார். முதல் நாட்களில் விவசாயிகள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்களாம். இதில் பேசுவதெல்லாம் பதிவாகுமா என்று ஒருவர் சந்தேகப்பட்டார். இன்னொருவர் அதை வாயருகே பிடித்து, கூட்டத்தில் பேசுகிற மாதிரி அனைவருக்கும் வணக்கம் என்று முழங்க, இவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இதையெல்லாம் அவரே வந்து சொல்லிச் சிரித்தார். எதிர்க்கடைக்குப் போன கத்தரிக்காய்க்கார அம்மா திரும்பி வந்தாரா என்று ஒருநாள் கேட்டேன். இல்லை என்றார். அந்த வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கிறது. ஆனால் வேறு சரக்கு எதுவும் நின்றுபோகவில்லை.

பொங்கல் லீவில், தக்காளி வாங்குகிற சாக்கில் நான் பரவைக்குப் போனேன். மதினி வந்துட்டாக, ஸ்பீக்கரக் கழட்டுங்க என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். வெட்கமாக இருந்தாலும் பிடித்திருந்தது. கடை ஓரத்தில் மூடைகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். மார்க்கெட் இரைச்சலைக் கேட்டு எனக்கே தலை சுற்றியது. லாரி ஹாரன், மூடை இறக்குகிற சத்தம், நாலு கடையில் நாலு ஏலம்.

அவர் நடுவில் நின்றார். பின்னால், புதிதாக வந்த ஓர் இளவயது விவசாயி, சட்டையில் அந்தப் பொத்தானோடு தன் அவரைக்காய் மூடைகளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கும் ஏலக்காரருக்கும் நடுவில் யாரும் நிற்கவில்லை. இடித்துப் பிடித்து நிற்கிற அந்தக் கூட்டத்தில் ஓர் ஆள் அகலத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். சுமை தூக்கி வந்த ஒருவர் தெரியாமல் குறுக்கே போகப் பார்த்தபோது, "சுத்திப் போப்பா, அண்ணனுக்கு டவர் போகுது" என்றார் ஒரு வியாபாரி. இதை இவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆள் குறுக்கே வந்தால் அவர் முகம் சுருங்குவதைப் பார்த்து அவர்களாகவே தெரிந்துகொண்டார்கள்.

விலை ஏறியது, நின்றது. ஒரு தரம் என்றார். ரெண்டு தரம் என்றார். நான் அந்த இளவயது விவசாயியைப் பார்த்தேன். அவர் வாய் திறக்கவில்லை. புது இடம், புது ஆட்கள், தயக்கம். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவர் மூணாம் தரத்துக்கு எடுத்த கையை அப்படியே நிறுத்தினார்.

"கட்டலய்யா. மேல கேளுங்க" என்றார்.

வியாபாரிகள் முணுமுணுத்துவிட்டு மேலே கேட்டார்கள். விவசாயி நிமிர்ந்து இவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு முறை விலை ஏறிய பிறகு அவர் தலையாட்ட, இவர் திரும்பி அதைப் பார்த்துவிட்டு மூணு தரம் சொன்னார்.

ஏலமெல்லாம் முடிந்து டீ குடிக்கும்போது அவரிடம் கேட்டேன். நான் பக்கத்திலேயே தானே நின்றேன், அந்தப் பையன் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லையே, நீங்கள் எதைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்றேன்.

"அவரு ஒண்ணும் சொல்லல. ரெண்டு தரம்னதும் பெருமூச்சு விட்டாரு" என்றார். "அது எனக்குக் கேட்டுச்சு."