பாங்கு முந்திக்கொண்ட பாடம்

பதூலுக்கு ஓரிடத்தில் உட்கார முடியாது. ஃபெஸ் நகரத்துப் பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்தியபோது, பாடத்திட்டத்தில் இல்லாத நட்சத்திரங்களைக் கட்டிக்கொண்டு அழுது தலைமையாசிரியர்களிடம் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டவள். இப்போது பழைய நூலகத்தில் வாரம் ஒருநாள் ஆசிரியர்களுக்கு அந்தக்கால வானவியல் சொல்லித்தருகிறாள். கையெழுத்துப் பிரதியைத் தொட்டுப் படிக்கலாம். அதில் சொல்லியிருக்கும் பித்தளை உஸ்துர்லாப், சூரியனையும் நட்சத்திரங்களையும் வைத்து நேரம் கணிக்கிற கருவி, மட்டும் கண்ணாடிப் பெட்டிக்குள். இலையைப் போட்டுவிட்டுச் சோற்றைப் படமாகக் காட்டுகிற மாதிரி, என்று அவளுக்கு எரிச்சல்.

நச்சரிப்புத் தாங்காமல் காப்பாளர் சி தஹாமி ஒருநாள் மட்டும் கருவியை வெளியே எடுத்தார். வகுப்பு ஒழுங்காக நடந்தால் வாராவாரம் தருவார். இல்லையென்றால் பூட்டுதான்.

ஏப்ரல் வெயில், முற்றத்தில் வகுப்பு. ஒருவர் பிரதியை வாசிக்க, பதூல் கருவியைத் தொங்கவிட்டுச் சூரியன் எவ்வளவு உயரம் என்று பார்த்தாள். பின்புறத்து நாட்காட்டி வளையத்தில் அன்றைய தேதியைப் பிடித்தாள். முன்புறத்து நட்சத்திரத் தகட்டைச் சுழற்றினாள். கை பரபரத்தது.

"மத்தியான லுஹர் தொழுகைக்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கு," என்றாள்.

முக்கால் மணி நேரத்திலேயே பாங்கு கேட்டது.

"பாவம், பாங்கு சொல்றவருக்கு என்ன அவசரமோ," என்றார் ஓர் ஆசிரியர். எல்லாரும் சிரித்தார்கள்.

சி தஹாமி கருவியை வாங்கிக்கொண்டார். மரியாதைச் சொல்லை மட்டும் விடவில்லை. "போதும், லல்லா பதூல். கெட்டுப்போன சாமானை வச்சு என்ன பாடம்? உள்ள வச்சுடறேன்."

 பதூல் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். சட்டென்று உறைத்தது. தன்மீதே கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அது கெடல, சி தஹாமி. என் புத்திதான் கெட்டுப்போச்சு. பின்னாடி திருப்புங்க. பகலும் ராத்திரியும் சமமாகற இடத்துல என்ன தேதி போட்டிருக்கு?"

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தேடினார். "மார்ச் பன்னெண்டு."

"நமக்கு?"

"இருபது," என்றாள் ஓர் ஆசிரியை.

"இதைச் செஞ்சதுக்கு அப்புறம் நாம காலண்டரை மாத்தினது இந்தப் பித்தளைக்கு எப்படித் தெரியும்? நான் இன்னிக்குத் தேதியை அப்படியே வச்சுத் தொலைச்சேன். எட்டு நாள் பின்னாடி தள்ளி வச்சு நீங்களே பாருங்க."

பிரதியை முதலிலிருந்து மறுபடி வாசித்தார்கள். சி தஹாமி, முன்பு அளந்த அதே உயரத்துக்குத் தகட்டை நகர்த்தினார். 

"முக்கால் மணி," என்றார்.

தகட்டில் குறித்திருந்த ஒரு நட்சத்திரத்துக்கும் வைத்துப் பார்த்தார். பிறகு இன்னொன்றுக்கு. ஆசிரியர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். பதூல் பொறுக்கமாட்டாமல் கையை நீட்டினாள்.

அவர் நிமிரவில்லை. "இன்னிக்கு இது என்கிட்டயே இருக்கட்டும். நீங்க அடுத்த வாரம் வச்சுக்கங்க."