நிலவறையில் சுரந்த நீர்

திருச்சுழியில் உறையும் ஈசன் திருவடி காக்க. இன்று சோமவாரப் பிரதோஷம்.

கோயிலுக்குப் போகும் வழியில், அருப்புக்கோட்டையில் நூல் வியாபாரம் செய்யும் என் தங்கை மகன் வீட்டில் இறங்குகிறேன். போர்ட் ஒயின் என்னும் மதுவை ஆண்டுக்கணக்கில் பழமையாக்க, வீட்டுக்கடியில் நிலவறை தோண்டியிருக்கிறான். குளிரூட்டிய அந்த அறையில் புட்டிகள் நோயாளிகளைப்போல் படுத்திருக்கின்றன. அவன் கோப்பையைச் சுழற்றி, முகர்ந்து, ஒரு வாய் உறிஞ்சி, மூலவர் முன் நிற்பவனைப்போல் கண்ணை மூடுகிறான்.

"இருவது வருசமா அசையாமக் கெடந்த சரக்கு, மாமா. மோந்து மட்டும் பாருங்க."

"எனக்குத் தண்ணி குடுப்பா."

"தண்ணியப் பத்திப் பேசாதீக. இந்தத் தரையில ஊத்து வந்துருச்சு. ஈரத்துல லேபிளெல்லாம் உரியுது. நாளைக்கு சிமெண்டு வச்சு அடைக்கச் சொல்லிட்டேன்."

மூலையில் கசியும் நீரைக் கையில் அள்ளிக் குடிக்கிறேன். இனிக்கிறது. வெளியே பெண்கள் குடங்களோடு தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கிறார்கள்.

"தண்ணி கேட்டவுக தெருவுல நிக்கிறாக. கேக்காத ஒன் வீட்டுக்குள்ள வந்து நிக்குது. அதையா அடைக்கப் போற?"

"பாட்டிலு பாழாப் போயிருமே, மாமா."

ஈசன் அபிஷேகத்துக்கு ஒரு செம்பு நீர் முகந்துகொண்டு படியேறுகிறேன்.

இதைப் படிப்போர் தோண்டும் இடமெல்லாம் நன்னீர் சுரக்கட்டும். சுரந்ததை அடைக்காத நெஞ்சும் வாய்க்கட்டும்.