முன்வரிசையில் எங்கள் கார்டிகன்கள்

ஆக்லாந்தில் நான் சுட்ட வடையை வேண்டாம் என்று சொன்னவர் எவரும் இல்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இனிமேல் சொல்லப்போவதில் பெருமைப்பட எதுவும் கிடையாது, அதனால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

எண்பதுகளின் கடைசி அது. பீஜியில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த பிறகு பீஜித் தமிழரான எங்கள் சனம் குடும்பம் குடும்பமாக இங்கே நியூசிலாந்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. நான் அதற்கு வெகுமுன்பே வந்தவள். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு தையல் தொழிற்சாலையில் எனக்கு வேலை. பள்ளிப் பிள்ளைகளின் சட்டைக்குக் காலர் வைப்பேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. ஆனாலும் என் காலரைப் பிரித்துத் தைக்கச் சொன்ன சூப்பர்வைசர் கிடையாது.

எனக்குப் பக்கத்து மெஷினில் ஒரு சமோவாத் தீவுக்காரி இருந்தாள். நல்ல உயரம், குரலும் அதற்கேற்ற குரல். தொழிற்சாலையில் யூனியன் பிரதிநிதி அவள்தான். ஒருமுறை புது மேனேஜர் வந்து, மெஷினில் மாட்டிக்கொள்ளும், வளையல் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள் என்று சொல்லிவிட்டார். வளையலைக் கழற்றினேன். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று மெஷினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்தேன். அவள் எழுந்து ஆபீசுக்குள் போனாள். வெகுநேரம் கழித்து வெளியே வந்து என் கையில் ஓர் ஊக்கைக் கொடுத்தாள். ரவிக்கைக்குள் குத்திக்கொண்டால் போதும் என்று பேசி முடித்துவிட்டு வந்திருந்தாள். அன்றிலிருந்து நாங்கள் ஒருவரை ஒருவர் சிஸ் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம்.

எங்கள் தொகுதியில் நெடுங்காலம் எம்.பி.யாக இருந்தவர் அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார். எங்கள் பக்கத்தில் அவருடைய கட்சி யாரை நிறுத்தினாலும் ஜெயித்துவிடும். அதனால் நிஜமான தேர்தல் கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்வுதான். அதற்கு நிற்கப்போகிறேன் என்று சிஸ் சொன்னபோது, சாப்பாட்டு அறையில் எல்லாரும் மேசையைத் தட்டினோம். எங்களில் ஒருத்தி பார்லிமெண்டுக்கா!

தேர்வு எப்படி நடக்கும் என்பதைச் சொன்னவர் துணி வெட்டும் மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர். அவர் கட்சியின் உள்ளூர் கமிட்டியில் இருந்தார். ஒரு ஹாலில் கூட்டம் போடுவார்கள். நிற்க விரும்புகிறவர்கள் பேசுவார்கள். ஹாலில் இருக்கும் உறுப்பினர்கள் சீட்டில் எழுதிப் போடுவார்கள். ஆனால் முடிவு செய்வது ஒரு குழு. அதில் தலைமை ஆபீசிலிருந்து சிலர், உள்ளூர்க் கமிட்டியிலிருந்து சிலர். ஹால் முழுக்க விழுந்த வாக்கெல்லாம் சேர்ந்து அந்தக் குழுவில் ஒரே ஒரு வாக்கு.

சிஸ்ஸுக்குக் கோபம் வந்துவிட்டது. "கட்சி அட்டை வச்சிருக்கிறவங்க மட்டும் எதுக்கு? இந்தத் தெருவுல குடியிருக்கிற எல்லாரும் வந்து ஓட்டுப் போட்டு ஆளைப் பொறுக்கட்டுமே."

பெரியவர் சாண்ட்விச்சை மென்றுகொண்டே சொன்னார்: "கதவைத் திறந்துவிட்டா எதிர்க்கட்சிக்காரனும் வந்து உட்காருவான். நம்மகிட்ட இருக்கிறதிலேயே சொத்தை ஆளாப் பார்த்துப் பொறுக்கிக் கொடுத்துட்டுப் போவான்."

"இப்போ தலைமை ஆபீஸ் பொறுக்குதே, அது மட்டும் சொத்தையில்லையா?"

"கட்சிக்கு யார் உழைச்சாங்கன்னு கட்சிக்குத்தானே தெரியும்?"

"அப்படின்னா என்னை அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே! போன தேர்தல்ல மழையில நனைஞ்சு நோட்டீஸ் போட்டது உங்க தாத்தாவா?"

பெரியவரே சிரித்துவிட்டார். எனக்கு என் கல்யாணம் நினைவுக்கு வந்தது. பெரியவர்கள் மாப்பிள்ளையைப் பேசி முடித்துவிட்டு, கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "உனக்குச் சம்மதந்தானேம்மா?" என்று கேட்டார்கள். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் ஹாலின் ஒரு வாக்கு என்று புரிந்துகொண்டேன். ஆனால் நான் ஆட்டாமல் நின்றிருந்தால் அவர்கள் பாடு கொஞ்சம் கஷ்டமாகியிருக்கும், இல்லையா? சிஸ்ஸும் அதைத்தான் சொன்னாள். "ஹால் என்னைச் சொல்லிட்டா, அந்தக் குழு ஹாலைப் பார்த்து முடியாதுன்னு சொல்லணும். அதுக்குத் துணிச்சல் வேணும், சிஸ்."

அதனால் உறுப்பினர் சேர்க்க நான் இறங்கினேன். எங்கள் பெண்கள் எல்லார் வீட்டுக்கும் போனேன். புதிதாக வந்திருந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்ணும் சேர்ந்தாள். என் வீட்டுக்காரர் கேலி செய்தார்: "உனக்குக் கட்சி சம்பளம் குடுக்குதா, இல்லை கொடி வச்ச கார் குடுக்குதா?" கார் வந்தால் உங்களை ஏற்ற மாட்டேன் என்றேன்.

தேர்வுக்கு முன்னால் நடந்த ஒரு கிளைக் கூட்டத்தில்தான் வினை ஆரம்பித்தது. எங்கள் பெண்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தார்கள். கூட்டம் முடிந்து தேநீர் வந்தது. சாண்ட்விச்சில் மாட்டிறைச்சியோ பன்றியோ, தெரியாததால் நாங்கள் எதையும் தொடவில்லை. எனக்குப் பின்னால் ஒரு பெண்மணி இன்னொருத்தியிடம் சொன்னாள்: "இவங்க சாப்பிடவும் மாட்டாங்க, பேசவும் மாட்டாங்க. கையைத் தூக்குறதுக்குக் கூட்டிட்டு வந்திருக்காங்க."

என் இங்கிலீஷுக்கு அது நன்றாகவே புரிந்தது. வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. எங்கள் சனம் வெறுங்கையோடு வந்து தலையை மட்டும் எண்ணக் கொடுக்கும் சனமா? தேர்வு நாளன்று அந்த ஹாலுக்கே வடை போடுவது என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் மெஷினில் இருந்தபடியே சிஸ் என்னிடம், "உங்க பாஷையில எப்படி வணக்கம் சொல்றது?" என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். நூலை மாற்றும்போதெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "முன்வரிசையில உட்காருங்க. நான்தான் கடைசியாப் பேசுறேன். நான் பேச எழுந்ததும் கதவைச் சாத்திடுவாங்க. வெளியில இருக்கிறவங்களுக்கு ஓட்டு கிடையாது. சாப்பாடெல்லாம் அப்புறம்" என்றாள். சரி சிஸ், சரி சிஸ் என்று சொன்னேன். வடையைப் பற்றி மூச்சுவிடவில்லை. அசத்திவிடலாம் என்று நினைப்பு.

சனிக்கிழமை மத்தியானம் ஓட்டாராவில் ஒரு பள்ளிக்கூட ஹால். ஒரு வாளி நிறைய அரைத்த பருப்பு, வெங்காயம், கறிவேப்பிலை, எண்ணெய் டின், இரும்புச் சட்டி என்று எல்லாம் வேனில் வந்திறங்கின. முன்வரிசை நாற்காலிகளில் இடம் பிடித்து உட்கார்ந்தோம். முதலில் தலைமை ஆபீஸ் நிறுத்த விரும்பிய ஆள் பேசினார். ஊருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த வக்கீல். நல்ல கோட்டு, நல்ல பேச்சு, நீளமும் அதிகம்.

கட்சி ஆபீஸ் பெண்மணி ஒருத்தி என் பக்கத்தில் குனிந்து, கொண்டுவந்த பலகாரத்தைச் சூடாகத் தருவதற்கு அடுப்படி வேண்டுமா என்று கேட்டாள். இதைச் சூழ்ச்சி என்று பிறகு எங்கள் பெண்கள் சொன்னார்கள். நானும் அப்படி நம்பப் பார்த்தேன், மனசுக்குச் சுலபமாக இருந்தது. ஆனால் வாளியோடு வந்தவள் நான். அவள் கேட்டிருக்காவிட்டாலும் நான் எழுந்திருப்பேன்.

நான் எழுந்தேன். எங்கள் பெண்கள் அத்தனை பேரும் எழுந்தார்கள். நான் எழுந்தால் அவர்கள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அந்த மரியாதையை நான்தான் கேட்டு வாங்கி வளர்த்துவைத்திருந்தேன். இடம் போய்விடக் கூடாதென்று நாற்காலி ஒவ்வொன்றிலும் ஒரு கம்பளிக் கார்டிகனைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தோம். யாழ்ப்பாணத்துப் பெண் மட்டும் எழவில்லை.

அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவே இருந்த ஜன்னலைப் புகை போகாதபடி இழுத்து மூடினோம். ஒருத்தி தட்டிப்போட, ஒருத்தி எடுக்க, ஒருத்தி தட்டில் காகிதம் விரிக்க, கல்யாண வீடு மாதிரி இருந்தது. அந்த மின்சார அடுப்பு காய்வதற்கே நேரம் எடுத்தது. முதல் ஈட்டை எடுக்கும்போது யாழ்ப்பாணத்துப் பெண் ஓடி வந்தாள்.

"அக்கா, இனி உங்கட ஆள்தான் பேசப் போறா. கதவைச் சாத்தப் போயினம். கெதியா வாங்கோ."

"இதோ வந்துட்டோம்மா. இந்த ஈடு மட்டும் எடுத்துட்டு வர்றோம். எண்ணெய் காய்ஞ்சு நிக்குது."

"எண்ணெய் நிக்கட்டும்! நீங்கள் வாங்கோ!"

"இவ்வளவு சனத்துக்கு இது பத்தாது. பாதிப்பேருக்குக் கிடைக்காமப் போனா நம்மளைத்தான் சொல்வாங்க. நீ போ, பின்னாலேயே வர்றோம்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடினாள். நான் அந்த ஈட்டைச் சிவக்க விட்டுத்தான் எடுத்தேன். அரைவேக்காடாகக் கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு.

தட்டுகளோடு வந்தபோது ஹால் கதவு சாத்தியிருந்தது. வெளியே ஒரு வயதான மனிதர் நின்றார். "மன்னிக்கணும் லேடீஸ், ஆரம்பிச்சாச்சு" என்றார். நாங்கள் முன்வரிசைக்காரர்கள் என்று சொன்னேன். எங்கள் கார்டிகன்கள் உள்ளே இருக்கின்றன என்றுகூடச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். வேறு வழி தெரியாமல் தட்டை நீட்டினேன். ஒரு வடையை எடுத்துக் கடித்தார். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். கதவைத் திறக்கவில்லை.

அப்போது உள்ளேயிருந்து சிஸ்ஸின் குரல் கேட்டது. சமோவாவில் ஏதோ சொன்னாள், மாவோரியில் சொன்னாள், அதற்குப் பிறகு தெளிவாக, நான் சொல்லிக் கொடுத்தபடியே, "வணக்கம்" என்றாள். கொஞ்சம் நிறுத்தினாள். பதிலுக்குக் காத்திருந்திருப்பாள். எங்களில் ஒருத்தி தட்டைப் பிடித்தபடியே கதவைப் பார்த்து, "வணக்கம்" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. உள்ளே கார்டிகன்களுக்கு நடுவே யாழ்ப்பாணத்துப் பெண் ஒருத்தி மட்டும் கை கூப்பினாளாம்.

ஹாலில் வக்கீலுக்குத்தான் வாக்கு அதிகம். அந்த வித்தியாசம், தட்டோடு வெளியே நின்ற எங்கள் எண்ணிக்கையைவிடக் குறைவு. குழு தனி அறைக்குப் போய்ச் சீக்கிரமே திரும்பி வந்தது. வக்கீல்தான். குழுவில் இருந்த தலைமை ஆபீஸ்காரர் ஒருவர் சிஸ்ஸின் கையைக் குலுக்கி, "உங்களை எங்களுக்குப் பிடிச்சிருந்தது. ஆனா ஹாலே உங்களைச் சொல்லலையே" என்றார். நான் தேநீர்த் தட்டோடு பக்கத்திலேயே நின்றிருந்தேன். ஹாலைப் பார்த்து முடியாது என்று சொல்ல வேண்டிய சங்கடத்தை அவருக்கு நான் மிச்சப்படுத்திக் கொடுத்துவிட்டேன்.

சிஸ் என்னிடம் வந்தாள். "எங்கே போயிட்டீங்க எல்லாரும்? உங்களைத்தான் தேடிக்கிட்டே பேசினேன்."

நான் தட்டைக் காட்டினேன். தட்டைப் பார்த்தாள், எங்கள் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். எண்ணுகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பாதியில் நிறுத்திவிட்டு ஒரு வடையை எடுத்துத் தின்றாள். "நல்லா இருக்கு, சிஸ்" என்றாள். அந்த ஹாலில் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். கையைத் தூக்கும் சனம் என்று சொன்ன பெண்மணி செய்முறை கேட்டாள். என் எண்ணம் பலித்துவிட்டது.

திங்கட்கிழமை துணி வெட்டும் பெரியவர் எனக்கு ஆறுதல் சொன்னார்: "நீங்க உள்ளே இருந்தாலும் அது ஒரே ஓட்டுத்தானே. குழு முன்னாடியே முடிவு பண்ணியிருக்கும்." இருக்கலாம். ஆனால் அவளுக்குக் கிடைத்திருக்க வேண்டிய தோல்வி அதுவல்ல. ஹால் அவளைச் சொல்லி, குழு மறுத்திருந்தால், அது குழுவின் பழி. நான் அதை அவளுடைய சொந்த ஆட்களின் பழியாக்கிவிட்டேன்.

அவள் என்னிடம் ஒருநாளும் கோபிக்கவில்லை. எப்போதும்போல நூல் கேட்டாள், கத்திரி கொடுத்தாள். வணக்கம் மட்டும் அதற்குப் பிறகு சொல்லவில்லை. மறுபடி எந்தத் தேர்வுக்கும் அவள் நிற்கவுமில்லை.

கொஞ்ச காலத்தில் வெளிநாட்டுத் துணி மலிவாக வந்து எங்கள் தொழிற்சாலையில் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சிஸ் தன் மகளோடு சிட்னிக்குப் போவதென்று முடிவு செய்தாள். சாப்பாட்டு அறையில் வழியனுப்பு வைத்தோம். பலகாரம் என் பொறுப்பு என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். நான் அன்று அடுப்புப் பக்கம் போகக் கூடாதென்று எனக்கு நானே கட்டளை போட்டிருந்தேன். கடையில் பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவளுக்கு நேர் எதிரே முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். எங்கள் பெண்களையும் உட்காரவைத்தேன். அவள் பேசி முடிக்கும்வரை ஒருத்தியும் அசையவில்லை. இதையாவது செய்தேனே என்று எனக்குள் ஒரு நிம்மதி, பெருமைகூட.

பேச்சு முடிந்ததும் அவள் மேசைப் பக்கம் போனாள். தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு மூடியைக்கூடத் தூக்கிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"உங்க வடை எங்கே, சிஸ்?"

"இன்னிக்குப் போடலை" என்றேன்.

"அப்படியா" என்றாள். "அதுக்காகத்தான் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடாம வந்தேன்."

பிஸ்கட் ஒன்றை எடுத்துத் தேநீரில் நனைத்தாள். நான் முதல் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன்.