ஆண்டு தெரியும்படி ஒரு படம்

டவுன் பூங்கா வாசலில் இருந்த நீரூற்றுக்கு எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் 'தண்ணிப் பொம்மை' என்றுதான் பேர். கல் பீடத்தின் மேல், குடத்தைச் சாய்த்து நிற்கும் ஓர் இரும்புப் பெண். ஞாயிற்றுக்கிழமைகளில் கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வருகிற நாங்கள் அவள் காலடியில்தான் கூடுவோம். கல்யாணப் பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேதான். அம்மா மட்டும், "இவளுக்கென்ன, கொடத்த சாய்ச்சா போதும், சொமக்க வேணாம்" என்று முணுமுணுப்பாள். தினமும் பீலியில் தண்ணீர் பிடித்து மேடேறுகிறவளுக்கு அப்படித்தான் தோன்றும்.

தோட்ட வேலைக்குக் கடல் தாண்டி வந்தவர்களின் வம்சம் என்று எங்களுக்கு மறுத்திருந்த பிரஜாவுரிமைக்கு மனுப்போட்ட காலம் அது. குறிப்பிட்ட ஓர் ஆண்டிலிருந்து இங்கேயே இருக்கிறோம் என்று காட்ட வேண்டும். அப்பா பிறந்ததே இந்த மலையில்தான். ஆனால் அவர் முன்பு வேலை செய்த தோட்டத்தில், பழைய பேர்ப்பதிவு தொலைந்துவிட்டது என்று கைவிரித்துவிட்டார்கள். இரண்டு வாரம் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒருநாள் முகம் மலர்ந்து வந்தார். பொம்மையை நிறுத்திய ஆண்டைப் பீடத்தில் வெட்டியிருந்தார்கள்; மனுவில் கேட்ட ஆண்டுக்கும் அது முந்தியது. பக்கத்தில் நின்று படம் பிடித்துக் கொடுத்தால் போதாதா?

எனக்கு அப்போது எட்டு வயது. அந்த ஆண்டில் நான் பிறக்கவே இல்லை என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை.

ஸ்டூடியோ வைத்திருந்த முஸ்லிம் நாநா கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்தார். "எங்க மூஞ்சி சரியா விழாட்டியும் பரவாயில்லீங்க நாநா, அந்த நம்பரு விழணும்" என்று அப்பா மூன்று தடவை சொன்னார். என் பாவாடை எழுத்தை மறைக்கிறது என்று என்னை ஓரமாக இழுத்து நிறுத்தினார்.

விசாரணையில் அதிகாரி படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளர் தலை நிமிராமல் அதைத் தமிழில் சொன்னார்: "சிலை அந்த வருஷம் இஞ்ச இருந்ததுக்கு இது சாட்சியாம். நீர் இருந்ததுக்கு என்ன சாட்சியெண்டு கேக்கிறார்."

அப்பா கோட்டுப் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

வெளியே வந்ததும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "அந்தத் தண்ணிப் பொம்ம சீமையிலேருந்து கப்பல்ல வந்தவ. நீங்க இங்கனயே பொறந்தவரு. அதச் சொல்ல வேண்டியதுதானே?"

"அவளுக்குக் கல்லுல எழுதி வச்சிருக்காங்க. நம்மள யாரு எழுதுனா?" என்றார் அப்பா.

நாலு மாதம் கழித்து, மனு நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. அதில் அப்பாவின் பேரும் தோட்டமும் லய நம்பரும் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தன.