குற்றம் சொல்லி வாங்கப்போன புல்வெட்டி

இந்த ஊரில் ஒரு வீட்டில் ஆள் இல்லையென்பதைப் புல்தான் முதலில் அறிவிக்கிறது. கணுக்காலுக்கு மேல் வளர்ந்தால் பக்கத்து வீட்டார் வந்து சுகமா என்று விசாரிப்பார்கள். அதற்குப் பிறகும் வெட்டாவிட்டால் நகரசபையிலிருந்து கடிதம் வரும். கொழும்பில், கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக் கதவு முற்றமில்லாமல் நேரே தெரு ஒழுங்கையில் திறந்தது. கல்யாணம் முடித்துப் போன வெள்ளவத்தை பிளட்டில், பல்கனியில் நாலு குரோட்டன் சாடி இருந்தது. புல்லுக்குப் பயப்பட வேண்டுமென்று மெல்பேர்னுக்கு வெளியே இந்தச் சிற்றூருக்கு வந்துதான் அறிந்தேன்.

கிழமை நாட்களில் எனக்குக் கோழித் தொழிற்சாலையின் குளிர் அறையில் வேலை. விரல் நுனிகளில் உணர்ச்சி குறைந்துகொண்டே வருகிறது. சட்டைப் பொத்தானை மனைவிதான் பூட்டிவிடுகிறாள். சனி ஞாயிறுகளில் தள்ளுகிற மெஷினால் ஊரார் முற்றங்களில் புல் வெட்டுவேன். அதைக் கண்ட முதியோர் இல்லத்து மேலாளர் அம்மா, தங்களுடைய மூன்று ஏக்கரையும் நிரந்தரமாக வெட்டித் தர முடியுமா என்று கேட்டார். கிடைத்தால் குளிர் அறையை விட்டுவிடலாம். ஒரே நிபந்தனை, வருகிற திங்கட்கிழமை ஏறியிருந்து ஓட்டும் புல்வெட்டியோடு வரவேண்டும். இல்லாவிட்டால் வேலை வேறொருவருக்கு. புதியது வாங்க வழியில்லை, பழையது தேடினோம்.

பழைய மெஷின் பார்க்க எனக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய வாகன உதிரிப்பாகக் கடைக்குப் போனவன், இருபத்தைந்து வருடம் அங்கேயே நின்றேன். அங்கே ஒரு வழக்கம். வாங்க எண்ணமில்லாதவர்தான் சாமானைப் புகழ்வார். உண்மையாகவே வேண்டியவர் குற்றம் சொல்வார். "அய்யே, இது முடிஞ்ச சாமான்" என்று மூன்று தரம் சொல்லிவிட்டுப் படியிறங்குவார். நாலு அடி போகவிட்டு நாங்கள் கூப்பிடுவோம். கூப்பிடாமல் விடுவது மரியாதையில்லை.

எனக்குப் பார்க்கத்தான் வரும், கதைக்க வராது. தமிழிலேயே கூச்சம். அதனால் சனிக்கிழமை மனைவியின் தம்பி குணாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் வெள்ளவத்தையில் புடைவைக் கடை நடத்தியவன், ஆங்கிலமும் தெரியும். விற்கிறவர் பண்ணைக்காரர், எழுபது வயதிருக்கும். மெஷினின் மூடியில் கை வைத்தேன், குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் ஆகாத குறையை மறைக்க நாங்கள் வருமுன் சூடாக்கி வைக்கவில்லை, நல்ல மனிதர். ஒரே தரத்தில் ஸ்டார்ட் ஆனது, புகை இல்லை. நிறுத்திவிட்டு அடியில் படுத்தேன். விரலை நம்பாமல் மணிக்கட்டை வைத்து பிளேடின் தண்டை அசைத்துப் பார்த்தேன். ஆட்டமில்லை. எழும்பி, "நல்ல சாமான், குணா" என்றேன்.

"முகத்திலை காட்டாதேங்கோ அத்தான்" என்றான் குணா. பிறகு ஆங்கிலத்தில் தொடங்கினான். புகை வருகிறது, பெல்ட் முடிந்துவிட்டது, அடித் தகரம் துருவேறி உக்கிவிட்டது, திங்கட்கிழமை முதியோர் இல்லத்தில் நடுவில் நின்றால் யார் பொறுப்பு என்றான்.

பெரியவர் தொப்பியைக் கழற்றிக் கவனமாகக் கேட்டார். பிறகு 'விற்பனைக்கு' என்று எழுதியிருந்த மட்டையைக் கழற்றினார். "இவ்வளவு பழுதென்று எனக்குத் தெரியாது. வேலைக்குப் போகிற மனுசனுக்கு இதை விற்க மாட்டேன்" என்றார்.

"திரும்பிப் பாக்காமல் நடவுங்கோ. கூப்பிடுவார்" என்றான் குணா.

நடந்தோம். வேலிப் படலை வந்தது, எங்கள் கார் வந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தோம். கண்ணாடியில் பார்த்தேன். பெரியவர் மெஷினைக் கொட்டிலுக்குள் தள்ளிக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் வேகமா நடந்திட்டம் போல" என்றான் குணா.

ஞாயிறு காலை தனியாகப் போனேன். வழி முழுக்க ஆங்கிலத்தில் மூன்று வசனம் பாடமாக்கினேன். பெரியவரைக் கண்டதும் இரண்டு போய்விட்டன. "மெஷின் குட்" என்றேன். அவரையும் அடியில் படுக்க வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். பெல்ட், குட். தகரம், குட். தண்டு, வெரி குட். வாங்குவதற்கு முன் ஒரு சாமானை வாய்விட்டுப் புகழ்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தரம். ஒவ்வொரு 'குட்'டுக்கும் விலை ஏறப்போகிறது என்று எண்ணிக்கொண்டே காட்டினேன். விலை ஏறவில்லை, இறங்கவுமில்லை.

"அப்படியென்றால் உன் மச்சான் ஏன் அப்படிச் சொன்னார்?" என்று பெரியவர் கேட்டார். நான் காசை எடுத்து எண்ணினேன். கேட்ட விலையை முழுதாகக் கொடுத்தேன். புறப்படும்போது அவர் கொட்டிலிலிருந்து ஒரு புதுப் பெல்ட்டைக் கொண்டுவந்து தந்தார். மச்சான் கவலைப்பட்டாராம், வைத்திருக்கட்டுமாம்.

"பாத்தீங்களோ, நான் கதைச்சபடியால்தானே பெல்ட் கிடைச்சது" என்றான் குணா.

திங்கட்கிழமை வேலை எனக்கே கிடைத்தது. புல்லை ஒரு கரையிலிருந்து தொடங்கினேன். நடைவண்டி பிடித்த ஒரு கிழவி பாதையால் வந்து கை காட்டினார். அந்த வயதுக்காரர் வரும்போது ஆசனத்தில் உட்கார்ந்தபடி இருக்க எனக்கு வராது, மரியாதைக்கு எழும்பினேன். மெஷின் நின்றுவிட்டது. ஆசனத்தில் ஆள் இல்லையென்றால் எஞ்சினை நிறுத்த அடியில் ஒரு சுவிட்ச் இருக்கிறது, பாதுகாப்புக்கு. அரை மணி நேரத்தில் ஏழு முதியவர்கள் வந்தார்கள். ஏழு தரம் நின்றது. மேலாளர் அம்மா யன்னலைத் திறந்து, மெஷின் பழுதா என்று கேட்டார். "மெஷின் குட்" என்றேன்.

பஞ்சிகாவத்தையில் என்றால் ஒரு துண்டு வயரால் அந்தச் சுவிட்சை இரண்டு நிமிடத்தில் ஏமாற்றிவிடுவோம். இங்கே அது சட்டப்படி குற்றம். இப்போது ஒரு அளவு பழகிவிட்டேன். யாராவது வந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முதுகை வளைத்து, பாதி எழும்புவேன். மீதிப் பாரம் ஆசனத்தில் இருக்கும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். இருக்கிறேனா எழும்புகிறேனா என்று தெரியாமல் அவர்கள் கை காட்டுவார்கள். நான் அப்படியே கொஞ்சத் தூரம் போவேன்.