மலையின் உள்ளங்கை

அவருக்குப் பெயர் மலை. பெற்றவர்கள் வைத்தது வேறு. மூட்டை தூக்கிய காலத்தில் கூட இருந்தவர்கள் வைத்ததுதான் நிலைத்தது. ஆள் அப்படி. ஒருமுறை சண்டையில் ஒருத்தனை ஓங்கி ஒரே அறை விட்டார். அவனுக்கு ஒரு கண் போய்விட்டது. ஜெயிலிலிருந்து வந்தபிறகு மலை யார்மேலும் கை வைத்ததில்லை. நல்லதுதானே என்கிறீர்களா? மிச்சத்தையும் கேளுங்கள்.

அந்தக் கைகளுக்கு வேலை கொடுத்தவள் மருமகள். படம் வரைகிறவள். வழவழப்பான ஜெல் பலகையில் அக்ரிலிக் வர்ணத்தை உருளையால் தேய்த்து, மேலே இலை, நூல், கிழிந்த வலைத்துணி என்று கிடைத்ததைப் பரப்பி, தாளை வைத்து அமுக்கி உரித்தால் ஓர் அச்சு விழும். ஒன்றே ஒன்று. தலைகீழாக நின்றாலும் அதேபோல் இன்னொன்று வராது. அதன்மேல் வர்ணத்தை அடுக்கடுக்காகப் பூசுவாள், அடியில் இருப்பது அங்கங்கே எட்டிப்பார்க்கிற மாதிரி. தாளை அமுக்குவது மாமனார் வேலை.

"சீக்கிரம் மாமா, காஞ்சிடும்!"

"இரும்மா, லாரியா கெளம்பப் போகுது?"

அந்த வீட்டில் சிரிப்புக் கேட்டது அந்த மேசையருகே மட்டும்தான்.

மற்ற நேரம் அடி. அடித்தது மலையின் ஒரே மகன். சோறு ஆறிப்போச்சு, போனை எடுக்கல, காரணத்துக்கா பஞ்சம்? பெல்ட், செருப்பு, ஒருநாள் குக்கர் மூடி. அன்றைக்கு அவளுக்குப் பல் போனது. மலை என்ன செய்வார்? செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விடுவார். தூ, என்ன மனுஷன்! தான் கை வைத்தால் பிள்ளை பிழைக்கமாட்டான் என்று பயம் அவருக்கு. அந்தப் பயத்துக்கெல்லாம் சேர்த்து வாங்கிக்கட்டிக்கொண்டவள் அவள்.

கண்காட்சிக்குப் படம் கேட்டு ஒருவர் அவளுக்குப் போன் செய்தார். எடுத்தவன் மகன்.

"யாருடி அவன்? படம் வேணுமாம், படம்!"

"கண்காட்சி நடத்துறவருங்க. உங்ககிட்ட சொல்லலாம்னுதான்…"

முடிக்கவிடவில்லை. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து முகத்தை ஈரப் பலகையில் மோதினான். திரும்பத் திரும்ப மோதினான். வர்ணம் எது, ரத்தம் எது என்று தெரியவில்லை. காயவைத்திருந்த படங்களை மிதித்துக் கிழித்தான். தாள் வெட்டுகிற கத்தியை எடுத்தான்.

"இன்னிக்கு உன்ன முடிச்சிடறேன்!"

மலை வாசலில் ஒரு காலுக்குச் செருப்பை மாட்டியிருந்தார்.

"மாமா!"

எவ்வளவு அடி விழுந்தும் அவள் அவரைக் கூப்பிட்டதே இல்லை.

மலை திரும்பி வந்தார். கத்தி பிடித்த மணிக்கட்டை முறுக்கினார். எலும்பு படக்கென்று முறிந்தது. மகனை மேசைமேல் குப்புறத் தள்ளி, முதுகில் இரண்டு உள்ளங்கைகளையும் ஊன்றினார். அடிக்கவில்லை. ஊன்றினார், அவ்வளவுதான். அவன் உதைத்தான், துள்ளினான், வாய்க்கு வந்தபடி ஏசினான். கடைசியில், "அப்பா, வலிக்குதுப்பா" என்று சின்னப்பிள்ளைபோல அழுதான். ஆனாலும் மலை கையை எடுக்கவில்லை.

"கெளம்பும்மா."

"நீங்களும் வாங்க மாமா."

"நான் கைய எடுத்தா இவன் உன் பின்னாடியே வருவான். போ. எங்க போறேன்னு மட்டும் எங்கிட்ட சொல்லாத. அடிச்சுக் கேட்டா சொல்லிடுவேன்."

அவள் அவர் தோளில் ஒரு நிமிஷம் கை வைத்தாள். பிறகு வர்ணமும் ரத்தமும் ஒழுகும் முகத்தை முந்தானையால் பொத்திக்கொண்டு, வெறுங்காலோடு படியிறங்கி ஓடினாள். இனி அவளைப் பார்க்கப்போவதில்லை என்று மலைக்குத் தெரிந்தது. கைகள் மரத்துப்போகும்வரை அப்படியே நின்றார். அப்புறம்தான் எடுத்தார்.

மகன் எழுந்தான். முறியாத கையால் நாற்காலியைத் தூக்கினான்.

"எங்க போனா?"

"தெரியாதுடா."

நாற்காலி அவர் தோளில் இறங்கியது. மறுபடியும் கேட்டான். மறுபடியும் தெரியாது என்றார். சத்தியமாகவே அவருக்குத் தெரியாது. அப்பாடா என்றிருந்தது.